அப்பாவின் ஒன்பது பனர்கள்

என் அப்பாவை நான் ஒன்பது தரம் கொப்பி எடுத்தேன். அதுவும் செத்தவீட்டன்று காலை. அவரை அரியாலையில் எங்கள் வீட்டு ஹோலில் கிடத்தி, இனசனம் எல்லாம் சுற்றியிருந்து அழுதுகொண்டிருக்க, பெற்ற மகள் நான் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு பனர் அடிக்கிற கடையில் கணினிக்கு முன்னால் குந்தியிருந்தேன். கேட்கிறவர்களுக்கு விசர்க்கதை போல இருக்கும். எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அழுகைக்கு அடுத்ததாகத் தொடங்குவது பனர். மேலே பெரிதாக ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் செத்தவரின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே அஞ்சலி செலுத்துகிற சங்கத்தின் பெயர். சங்கத்தின் பெயர் செத்தவரின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். அதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை, ஆனால் சிறிதாகப் போட்டால் சுருட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். எத்தனையோ பேரை நான் இப்படிச் சந்திக்குச் சந்தி தொங்கவிட்டிருக்கிறேன். அதுதான் என் தொழில்.

அப்பா பஞ்சலிங்கத்துக்கு யார் கேட்டாலும் ‘ஏலாது’ என்று சொல்ல வராது. அதனால் அரியாலையில் அவர் சேராத சங்கம் இல்லை. விளையாட்டுக் கழகத்துக்கு உதைபந்தாட்ட நடுவர். கோயில் பரிபாலன சபைக்கு உபதலைவர். வாசிகசாலைக்குப் போசகர். முதியோர் சங்கம், பழைய மாணவர் சங்கம், அபிவிருத்திச் சங்கம் என்று எல்லாமாக ஒன்பது. ஒன்பதுக்கும் ஒவ்வொரு பனர். “பஞ்சலிங்கத்தாற்றை மகள் இருக்கேக்கை வேறை ஆரிட்டைக் குடுக்கிறது?” என்று ஒன்பது பேரும் என்னிடமே சொல்லிவிட்டார்கள். மறுத்துச் சொல்ல எனக்கும் வரவில்லை. அந்தக் குணம் வேறு எங்கேயிருந்து வந்திருக்கும்?

அப்பா செத்தது முதல்நாள் பின்னேரம், பெரியாஸ்பத்திரியில். அப்போதும் நான் கடையில்தான். ஒரு கலியாண அழைப்பிதழை முடித்துவிட்டு நோயாளர் பார்க்கிற நேரத்துக்குப் போகலாம் என்று இருந்தேன், அதற்குள் போன் வந்துவிட்டது. ஓடிப் போனால் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. பிரேதத்தை மலர்ச்சாலைக்காரர் பொறுப்பெடுத்துவிட்டார்கள், மருந்தேற்றி எல்லாம் செய்து காலையில்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்றார்கள். ஆகவே செத்த அப்பாவின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும். அவருடைய வாயில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, வீட்டில் வைத்துப் போடுகிற வாய்க்கரிசிதான் எங்களுக்குக் கடைசி. அதற்குப் பிறகு பெட்டியை மூடினால் மூடினதுதான்.

காலையில் மலர்ச்சாலை வாகனம் வருவதற்கு முன்பே கனடாவிலிருந்து அண்ணை கஜானன் போன் எடுத்தார்.

“அருந்ததி, பனர் எல்லாம் என்ன மாதிரி? சனம் வர முன்னம் றோட்டிலை நிக்க வேணும்.”

“நான் இப்ப எப்பிடி அண்ணை கடைக்குப் போறது? அப்பாவைக் கொண்டு வரப்போகினம்.”

“ஒரு அரை மணித்தியாலச் சோலி தானே. வெளியிலை குடுத்தால் கண்ட கண்ட மாதிரிச் செய்து நாறடிச்சுப் போடுவாங்கள். நானும் வர ஏலாமல் கிடக்கிறன். அப்பாவுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.”

வர முடியாதவர்களுக்குக் குறை அதிகமாகத்தான் தெரியும்.

பெரியப்பாவின் மகன் சுதாகரன்தான் அண்ணைக்குப் பதிலாகக் கொள்ளி வைக்கப் போகிறவன். அவன் பந்தல்காரனோடு கதைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “பன்ரண்டு மணிக்கு முன்னம் எடுக்க வேணுமாம். அதுக்குள்ளை நீ போயிட்டு வந்திடுவாய் தானே?” என்று கேட்டான். அம்மா அறைக்குள் சுருண்டு கிடந்தார். நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

கடையை முதலாளி கோபிசங்கர் எனக்காகவே நேரத்தோடு திறந்து வைத்திருந்தார். கடையில் கணினியில் வரைந்து படம் கீறத் தெரிந்த மற்ற ஆள் கீர்த்திகா பிள்ளைப்பேற்று லீவில் நின்றாள். அச்சு மெசினில் நிற்கிற றஜிந்தனுக்கு அந்த மெசினைத் தவிர வேறு எதிலும் கை வைக்கத் தெரியாது. “அக்கா, இண்டைக்குமோ?” என்று கேட்டான். அந்தக் கேள்வியோடேயே நான் திரும்பியிருக்க வேண்டும்.

அப்பாவின் படத்துக்கு நான் மினக்கெடவில்லை. போன வருடம் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கென்று நான் கோடு கோடாகக் கீறின படம் கணினியில் இருந்தது. இப்படிக் கீறின படம் எவ்வளவு பெருப்பித்தாலும் புள்ளி புள்ளியாக உடையாது, சந்தியில் நின்று பார்த்தாலும் மீசை மீசையாகத் தெரியும். அதை நடுவில் வைத்தேன். குத்துவிளக்கு ஒன்றைக் கீறி, அதையே கொப்பி எடுத்து மறுபக்கம் திருப்பி வைத்தேன். முதல் பனர் ஆயத்தம்.

இனி அதை ஒன்பதாக்க வேண்டும். நாங்கள் பாவிக்கிற மென்பொருளில் ஒன்றைப் பலதாக்கப் பல வழி இருக்கிறது. கொப்பி எடுத்து ஒட்டலாம். டூப்ளிகேட் போடலாம், ஒரு விசையைத் தட்டினால் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று வந்து விழும். இந்த இரண்டும் தனிக்குடித்தனம் போன பிள்ளைகள் மாதிரி. பெற்றதுக்கு என்ன நடந்தாலும் அதுகளுக்குக் கவலை இல்லை. மற்றது குளோன். அது தாயின் சீலைத் தலைப்பை விடாத பிள்ளை. மூலப் படத்தின் நிறத்தை மாற்றினால் அத்தனை குளோனும் நிறம் மாறும், மூலத்தைச் சரித்து வைத்தால் அத்தனையும் சரிந்து நிற்கும்.

நான் குளோன் போட்டேன். செத்தவீட்டுப் பனருக்குத் திருத்தம் வராமல் விடாது. தலைமயிரைக் கறுப்பாக்கச் சொல்வார்கள், காதைச் சின்னதாக்கச் சொல்வார்கள். தனித்தனிக் கொப்பி என்றால் ஒன்பது இடத்தில் திருத்த வேண்டும். குளோன் என்றால் ஒரு இடத்தில் திருத்திவிட்டு வீட்டுக்கு ஓடலாம். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். விளையாட்டுக் கழகம்தான் முதலில் சொன்னது என்பதால் அவர்களுடைய பனரை மூலமாக வைத்து, மற்ற எட்டிலும் அப்பாவைக் குளோனாக இறக்கி, கீழே சங்கங்களின் பெயரை மாத்திரம் வேறு வேறாக அடித்தேன். ஒன்பது அப்பாக்கள் திரையில் வரிசையாக நின்றார்கள்.

அப்போது சின்னம்மா சிவகௌரி போன் எடுத்தார். பின்னால் அழுகைச் சத்தம்.

“பிள்ளை, அப்பாவைக் கொண்டு வந்திட்டினம். எங்கை நிக்கிறாய்?”

“வாறன் சின்னம்மா. முடிஞ்சுது. இந்தா வெளிக்கிடுறன்.”

உண்மையிலேயே வெளிக்கிடத்தான் இருந்தேன். போனைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் கழகச் செயலாளர் றெஜி எடுத்தான்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. எங்களுக்குப் பஞ்சண்ணை எண்டால் மைதானம் தானே. கழுத்திலை ஒரு விசில் போட்டு, தலையிலை எங்கடை கழகத் தொப்பியும் வைச்சு விடுங்கோவன்.”

“செத்தவீட்டுப் பனரிலை விசிலோ றெஜி?”

“அவர் விசிலோடை நிண்டதைத்தான் அக்கா நாங்கள் பாத்தனாங்கள். பெடியள் எல்லாரும் ஆசைப்படுறாங்கள்.”

எனக்கு மனம் உருகிவிட்டது. அப்பா வெயிலில் ஓடி ஓடி விசில் ஊதினது உண்மைதானே. தொப்பி ஒன்று கீறினேன், கழுத்தில் நாடாவும் விசிலும் கீறினேன், படத்தோடு சேர்த்துக் கட்டினேன். கீறிக்கொண்டிருக்கும்போதே அண்ணை திரும்ப எடுத்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டேன்.

“அருந்ததி, அப்பாவுக்கு ஒரு கோட்டும் ரையும் போட்டுவிடன்.”

“அப்பா எப்ப அண்ணை கோட்டுப் போட்டவர்?”

“கலியாணத்திலை போட்டவர் எல்லே? அல்பத்திலை இருக்கு.”

“அது வாடகைக்கு எடுத்த கோட்டு. அப்பாவே சொல்லிச் சிரிக்கிறவர்.”

“இஞ்சை எல்லாருக்கும் அனுப்புற படம். கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும் எண்டு சொன்னால், உனக்கு எல்லாத்துக்கும் மறுகதை.”

“அங்கை இருந்துகொண்டு கோட்டைப் போடு, ரையைப் போடு எண்டு சொல்லுறது சுகம் அண்ணை. நான் இன்னும் அப்பாவின்ரை முகத்தைக் கூடப் பாக்கேல்லை, தெரியுமோ உங்களுக்கு?”

கோபத்தில் போனை வெட்டினேன். அதே கோபத்தில் ஒன்பது பனரையும் மெசினுக்கு அனுப்பினேன். அனுப்ப முன் ஒரு தடவை நிமிர்ந்து திரையைப் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் கொழுவி, ஸ்கூட்டித் திறப்பையும் கையில் எடுத்துவிட்டேன்.

மெசின் இரைந்துகொண்டு பனர்த் துணியைத் தள்ளியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற றஜிந்தன் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, கோயில்காரற்றையிலும் தொப்பியோ?”

ஓடிப் போய்ப் பார்த்தேன். ‘ஆலய பரிபாலன சபையினர்’ என்ற எழுத்துக்கு மேலே, குத்துவிளக்குகளுக்கு நடுவில், அப்பா கழகத் தொப்பி போட்டுக்கொண்டு கழுத்தில் விசிலோடு நின்றார். முதியோர் சங்கத்துக்கும் தொப்பி. வாசிகசாலைக்கும் விசில். நான் தொப்பி வைத்தது மூலத்தின் தலையில். ஒன்பது தலையிலும் அது ஏறியிருந்தது. அந்த மூலம் கழகத்தின் பனர்தான் என்பதை, வைத்த நானே மறந்துபோனேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி எறிந்தேன். வயர் இருந்தபடியால் அது மேசையை விட்டுப் போகவில்லை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஊருக்கெல்லாம் செய்கிறபோது ஒரு நாளும் பிழைக்காத வேலை, என் அப்பாவுக்குச் செய்யும்போதுதான் பிழைக்க வேண்டுமா?

“விடுங்கோ அக்கா,” என்றான் றஜிந்தன். “ஆர் உதுகளை உத்துப் பாக்கப்போகினம்? நீங்கள் போங்கோ. நான் பெடியளிட்டைக் குடுத்து விடுறன்.”

போயிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர் எனக்குத் தெரியும். செத்தவீட்டுக்கு வருகிறவன் முதலில் பார்ப்பது பனரைத்தான். கோயில் பனரில் விசிலோடு நிற்கிற பஞ்சலிங்கத்தார் எட்டாம் நாள் எட்டுச்சிலவுக்கு மட்டுமல்ல, அடுத்த திருவிழா வரைக்கும் பகிடிக்குக் காணும். உயிரோடு இருக்கும்போது அப்பாவைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை. செத்தவீட்டன்று, நான் செய்த வேலையால் சிரிக்கக் கூடாது. கைப்பையைக் கழற்றி வைத்தேன்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கோயில் பரிபாலன சபைப் பொருளாளர் முத்துக்குமாரு மாமா உள்ளே வந்தார். பனர் எப்படி வருகிறது என்று பார்க்க வந்தாராம். நிலத்தில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார்.

“உதென்ன பிள்ளை, கோயில் பனரிலை தொப்பி?”

“பிழைச்சுப் போச்சு மாமா. மாத்திறன்.”

“மாத்தேக்கை, நெத்தியிலை திருநீறு மூண்டு குறியா வடிவாத் தெரியப் போடு. பிறகு, கழகத்தாற்றையிலும் பார்க்க எங்கடை கொஞ்சம் பெரிசா இருந்தால் நல்லது. உபதலைவர் எல்லே.”

“மாமா, அது என்ரை அப்பா.”

“எனக்குத் தெரியாதே பிள்ளை? அதாலைதான் திறமாச் செய்யச் சொல்லுறன்.”

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். முதலாளி அவருக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தார், அது அப்படியே ஆறிப்போனது.

நான் திருத்த இருந்தேன். தொப்பியை மூலத்திலிருந்து எடுத்தால் கழகத்தின் தொப்பியும் போய்விடும். முதலில் கழகத்துக்கென்று ஒரு தனிக் கொப்பி எடுத்து ஒதுக்கி வைக்க வேண்டும், பிறகு மற்றதுகளைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் முத்துக்குமாரு மாமா பின்னால் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன் வேறு மேசையில் கிடந்து துடித்தது. சின்னம்மா. பிறகு அண்ணை. பிறகு வாசிகசாலை. தொப்பியைத் தொட்டுத்தான் அழித்தேன் என்று நினைத்தேன். நான் அழித்தது படத்தை. மூலப் படத்தை முழுதாக.

மூலம் போனால் குளோனும் போகும். ஒன்பது அப்பாவும் ஒரே நேரத்தில் திரையிலிருந்து காணாமல் போனார்கள். ஒன்பது சோடிக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது சங்கத்தின் பெயரும் கொட்டை எழுத்தில் நின்றது. நடுவில் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முதல்நாள் ஆஸ்பத்திரியில் வெறுங்கட்டிலைப் பார்த்தபோது வராத அழுகை. அப்பா செத்துப்போனார் என்பது எனக்கு அந்தக் கதிரையில் வைத்துத்தான் விளங்கியது. நான் மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு குழறினேன். முத்துக்குமாரு மாமா பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டு, “ச்சிச்சீ, அழாதை பிள்ளை, ஆறுதலாச் செய்,” என்றார். றஜிந்தன்தான் பயந்துபோய்க் கேட்டான்.

“அக்கா, பழைய மாதிரி எடுக்க ஏலாதோ?”

எடுக்கலாம். ஒரு விசையைத் தட்டினேன். ஒன்பது பேரும் தொப்பியோடும் விசிலோடும் திரும்பி வந்து நின்றார்கள். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். இனிக் குளோன் வேண்டாம் என்று எட்டையும் ஒவ்வொன்றாக மூலத்திலிருந்து அறுத்தேன். அறுத்த ஒவ்வொருவரிலும் தொப்பியை எடுத்து, நாடாவை எடுத்து, விசிலை எடுத்து, தொப்பி மறைத்த வழுக்கையைத் திரும்பத் தெரியவிட்டேன். சுகமான வழி என்று எதை நினைத்தேனோ, அதை விட்டுவிட்டுக் கடைசியில் எட்டு இடத்திலும் தனித்தனியாகத்தான் திருத்தினேன். கோயில்காரருக்குத் திருநீறும் மூன்று குறியாகப் போட்டேன்.

“நேரம் என்ன மாதிரி மாமா?” என்று திரும்பாமலே கேட்டேன்.

“நேரம் கிடக்கு. நீ வராமல் பெட்டியை மூடுவினமே? பெத்த மகள் எல்லே. பதகளிக்காமல் செய்.”

நானும் அதை நம்பினேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. அதோடு பார்த்தால் தொப்பியும் விசிலும் சின்னப் பிழைகள். பஞ்சாங்கம் பார்த்து ஒரு நேரம் குறித்துவிட்டால் எங்கள் ஆட்கள் கடவுளுக்கும் பொறுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என்னை விட்டுவிட்டு எடுக்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம். மகள் என்ற எண்ணம்.

மெசின் திரும்பவும் முதலில் இருந்து அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள் போன் அடித்தது கேட்கவில்லை. ஒவ்வொன்றும் வெளியே வரும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்லது. நல்லது. இதுவும் நல்லது. இனி ஒரு பிழையும் விட மாட்டேன் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கோயில் பனர் கடைசியாக வந்தது. கழகத்துப் பெடியள் பிக்கப்பில் ஏற்றினார்கள், முத்துக்குமாரு மாமாவும் தம்முடையதைக் கையோடு பிடித்துக்கொண்டு முன் சீற்றில் ஏறினார். அவர்கள் போன பிறகுதான் போனைப் பார்த்தேன். வீட்டிலிருந்து வந்த அழைப்புகள் திரை நிறையக் கிடந்தன. சின்னம்மா அனுப்பின குரல்பதிவை அமத்திக் கேட்டேன்.

“கிரியையிலை சுண்ணம் இடிச்சு முடியுது பிள்ளை. வாய்க்கரிசிக்குக் கூப்பிடுகினம். எங்கையடி நிக்கிறாய்? ஓடிவா.”

ஸ்கூட்டியை நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. கண்டி வீதியில் ஒரு பஸ்காரன் என்னைப் பார்த்துத் தூஷணத்தால் பேசினான். எங்கள் சந்திக்கு வந்தபோது பெடியள் மதிலில் ஏறி நின்று முதல் பனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா காற்றில் உப்பி உப்பி அடங்கினார். சந்தி திரும்பினேன். பறைமேளம் கேட்டது.

முன்னால் மேளகாரர். பிறகு ஈர வேட்டியோடு சுதாகரன், கையில் கொள்ளிச்சட்டி. அதற்குப் பின்னால் மலர்ச்சாலை வாகனம், கண்ணாடிக்கு உள்ளே பெட்டி, பெட்டிக்கு மேலே மாலைகள். பெட்டி மூடியிருந்தது. பின்னால் வெள்ளை வேட்டியில் ஊர் ஆண்கள் எல்லோரும். நான் ஸ்கூட்டியை றோட்டில் போட்டுவிட்டு ஓடிப்போய் வாகனத்துக்கு முன்னால் நின்றேன். மேளம் நின்றது.

“எங்கை போனனீ?” என்றான் சுதாகரன். அவன் கண்ணும் சிவந்துபோய் இருந்தது. “உன்னைப் பாத்துப் பாத்து எவ்வளவு நேரம் வைச்சிருந்தனாங்கள் தெரியுமோ?”

“பெட்டியைத் திறவுங்கோ. நான் இன்னும் பாக்கேல்லை.”

“றோட்டிலை வைச்சு எப்பிடியடி திறக்கிறது? பன்ரண்டாகப் போகுது.”

“எனக்கு அப்பாவைப் பாக்க வேணும். ஒருக்காப் பாத்திட்டு விடுறன். வாய்க்கரிசி போடேல்லை சுதா நான்.”

“அது சின்னம்மா உனக்கும் சேத்துப் போட்டிட்டா.”

எனக்கும் சேர்த்து. நான் வாகனத்தின் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன். திறவுங்கோடா என்று கத்தினேன், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அப்படி நடுறோட்டில் கத்துகிற பெண்ணை அரியாலை அதற்கு முன் பார்த்திருக்காது. சாரதி முன்னாலே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒருவர், “பெம்பிளைப் பிள்ளையள் இதுக்குள்ளை நிக்கப்படாது, ஆராவது கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார். சந்தியில் நின்ற முத்துக்குமாரு மாமாதான் ஓடிவந்து என் கையைப் பிடித்து ஓரமாக்கினார்.

“அழாதை மோனை,” என்றார். “பனர் நல்ல திறமா வந்திருக்கு. எல்லாரும் சொல்லுகினம்.”

அந்த மனிசனை நான் அடித்திருப்பேன். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று தெரிந்தபடியால் விட்டேன். மேளம் திரும்பத் தொடங்கியது. வாகனம் என்னைத் தாண்டிப் போனது. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு என்னிடமிருந்து விலகி விலகிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் றோட்டில் நானும், சரிந்து கிடந்த ஸ்கூட்டியும், வாகனத்திலிருந்து விழுந்த பூவும்தான்.

வீட்டுக்குப் போனேன். ஹோலைக் கழுவி, தண்ணீரை வாசலால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளிநாட்டுக்காரருக்கு நேரடியாகக் காட்டவென்று பிடித்த வீடியோக்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கணினித் திரையில் அண்ணை இன்னும் இருந்தார். அங்கே சாமம். முகம் வீங்கிப்போய் இருந்தது.

“அருந்ததி, நான் கடைசி மட்டும் பாத்தனான். வாய்க்கரிசி போடேக்கை கிட்டவாக் காட்டினவை. பெட்டி மூடினது வரைக்கும் பாத்தனான். உன்னைத்தான் காணேல்லை. எங்கை நிண்டனீ?”

கனடாவில் இருந்த அண்ணை பார்த்துவிட்டார். இங்கே இருந்த நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கக்கூட என்னில் ஒன்றும் மிச்சமில்லை.

“பனர் அடிச்சுக்கொண்டு நிண்டனான் அண்ணை.”

அவர் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வீடியோக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“கவலைப்படாதேங்கோ அக்கா. எல்லாம் பதிஞ்சு இருக்கு. உங்களுக்கு ஒரு கொப்பி போட்டுத் தாறன்.”

நான் அறைக்குள் போனேன். அம்மாவைக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நெற்றி வெறுமையாக இருந்தது. என் சத்தம் கேட்டு, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். நான் பக்கத்தில் இருந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

“பிள்ளை, நான் இடையிலை மயங்கிப் போனன். பெட்டி மூடேக்கை எனக்கு ஒண்டும் தெரியேல்லை. நீ வடிவாப் பாத்தனியே? அப்பா எப்பிடிக் கிடந்தவர்?”

அப்பா எப்படிக் கிடந்தார் என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து நான் பார்த்தது, நானே கீறின முகம் ஒன்றைத்தான்.

“சிரிச்சுக்கொண்டு கிடந்தவர், அம்மா.”

“அப்ப சரி,” என்று அம்மா என் கையை இறுக்கினார்.